ஓடிபி போட்டவர் எழுந்துபோன பின்னும் அவருடைய கணக்கு திறந்திருந்தது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அருகே மூன்று கணினிகளுடன் பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒருவர் தம் மின்னஞ்சலை ஓடிபி போட்டுத் திறந்து, விண்ணப்ப நகலை அச்செடுத்துக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டுப் போனார். மாலையில் வந்த கல்லூரி மாணவி அதே மின்னஞ்சல் தளத்தைத் திறந்ததும் அவருடைய கடிதங்கள் அப்படியே விரிந்தன. செய்தி அவர் காதுக்கு எட்டி, "என் பாஸ்வேர்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். இன்னொரு நாள், ஒரு தம்பதி குழந்தைப்பேறு சிகிச்சை பற்றித் தேடிவிட்டுப் போன கணினியில், அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்தி படித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சிகிச்சை விளம்பரமே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "எல்லாம் குக்கீ செய்கிற வேலை, அது ஒரு வகை வைரஸ், இரவு கடை மூடும்போது அழித்துவிடு" என்கிறான் என் தம்பி. குக்கீ என்பது உண்மையில் என்ன? இரவில் அழித்தால் போதுமா? குக்கீக்கு அனுமதி கேட்டு வரும் பெட்டியில் வாடிக்கையாளருக்காக நானே சம்மதம் கொடுத்துவிடலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முதலில் உங்கள் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை நீங்கள் எடுக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது போலவே எல்லாம் நடந்திருந்தால், அது யார் கைக்கும் போகவும் இல்லை. உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பின்னால் இருப்பது குக்கீதான். ஆனால் அது வைரஸ் அன்று. அது கெட்டுப்போனதால் இப்படி நடக்கவில்லை. எப்படி வேலை செய்யவேண்டும் என்று வடிவமைத்தார்களோ, அப்படியே வேலை செய்ததால்தான் நடந்தது. ஒரு கணினிக்கு ஒருவர் என்று எண்ணி உருவாக்கப்பட்ட ஏற்பாட்டை, ஒரு நாளில் முப்பது பேர் அமரும் இருக்கையில் வைத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இணையதளத்துக்கும் பிரவுசர் எனப்படும் உலாவிக்கும் இடையே நடப்பதை நாம் தொடர்ந்த உரையாடலாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது துண்டு துண்டான கேள்வியும் பதிலும்தான். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது, அந்தத் தளம் இருக்கும் கணினியான சர்வர் கொடுக்கிறது, அத்துடன் கணக்கு முடிந்தது. அடுத்த நொடியில் அதே உலாவி இன்னொரு பக்கத்தைக் கேட்டால், "இப்போதுதானே வந்தாய்" என்று சொல்லும் நினைவு ஹெச்டிடிபி என்னும் அந்த நெறிமுறைக்குக் கிடையாது. ஆவணங்களை எடுத்துப் படிப்பதற்காக மட்டும் இணையம் இருந்த காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. கடை வைக்கவும், பொருளைக் கூடையில் போட்டு வைக்கவும், உள்நுழையவும் வேண்டும் என்ற தேவை வந்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் புதிய ஆளாகவே நிற்பவரை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது என்பது புரிந்தது.

1994ஆம் ஆண்டில் உலாவி தயாரித்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தங்கள் சர்வரில் சேர்த்து வைக்க விரும்பாத ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்காக, அந்த விவரத்தைப் பயனரின் கணினியிலேயே வைப்பது எப்படி என்று யோசித்தபோது பிறந்த வழி அது. நிரல்களுக்கிடையே கைமாறும் அடையாளத் துணுக்கை யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் வேலை செய்தவர்கள் ஏற்கெனவே 'மேஜிக் குக்கீ' என்று அழைத்து வந்தார்கள். அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு உறவு இல்லை.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். செருப்பை வாங்கி அடுக்கில் வைப்பவர் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. எண் பொறித்த ஒரு டோக்கனைக் கையில் கொடுக்கிறார். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், அந்த எண்ணுக்குரிய செருப்பு வெளியே வருகிறது. டோக்கனில் செருப்பைப் பற்றி எதுவுமே எழுதியிருக்காது. எல்லா விவரமும் அடுக்கில்தான் இருக்கிறது. குக்கீயும் அப்படித்தான். நீங்கள் ஒரு தளத்தில் நுழையும்போது, சர்வர் தன் பதிலோடு சிறிய எழுத்துத் துணுக்கு ஒன்றைச் சேர்த்து அனுப்புகிறது. அதற்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, எந்தத் தளத்துக்கு மட்டும் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை உண்டு. உலாவி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்திடம் எதைக் கேட்கும்போதும் கூடவே நீட்டுகிறது. மதிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவை ஒன்றே இருக்கும். அது யாருக்குரியது, அவர் எப்போது உள்நுழைந்தார் என்ற விவரமெல்லாம் சர்வரில் இருக்கிறது.

இப்போது உங்கள் வாடிக்கையாளரின் கேள்விக்கு வரலாம். ஓடிபி கேட்டுத்தானே உள்ளே விட்டது, பிறகு அந்த மாணவிக்கு எப்படித் திறந்தது? கடவுச்சொல்லும் ஓடிபியும் டோக்கன் வாங்கும்வரை நடக்கிற சோதனைகள். சோதனை முடிந்ததும் சர்வர் டோக்கனைக் கொடுத்துவிடுகிறது. அதன்பின் அது பார்ப்பது டோக்கனை மட்டுமே. அந்த டோக்கன் மனிதரின் கையில் இல்லை, உங்கள் கணினியின் உலாவியில் இருக்கிறது. எழுந்து போனவர் யார், வந்து உட்கார்ந்தவர் யார் என்று உலாவிக்குத் தெரியாது. மாணவி தளத்தின் முகவரியைத் தட்டியதும், உலாவி தன் வழக்கப்படி காலையில் வாங்கிய டோக்கனை நீட்டியது. சர்வரும் தன் வழக்கப்படி அதற்குரிய அஞ்சல்பெட்டியைத் திறந்து காட்டியது. குக்கீயைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும் என்றால், அது இதுதான்: குக்கீ ஆளை அடையாளம் காண்பதில்லை, உலாவியை அடையாளம் காண்கிறது.

ஜன்னலை மூடுவதும் லாக்-அவுட் செய்வதும் ஒன்று என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் வாடிக்கையாளரும் நம்பியிருக்கிறார். ஜன்னலை மூடுவது டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதற்குச் சமம். லாக்-அவுட் செய்வது அதைத் திருப்பிக் கொடுத்து எண்ணை அடித்துவிடச் சொல்வது. ஒழுங்காக எழுதப்பட்ட தளத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டு காரியங்கள் நடக்கும்: சர்வர் தன் பதிவேட்டில் அந்த எண்ணை நீக்கிவிடும், உலாவிக்கும் அந்தக் குக்கீயை அழிக்கச் சொல்லும். முதல் காரியம்தான் முக்கியமானது. ஏனென்றால் அதன் பிறகு அந்தக் குக்கீயின் நகல் எங்கே கிடந்தாலும் அது வெறும் எழுத்துக் கோவைதான்.

காலக்கெடு எதுவும் குறிக்கப்படாத குக்கீ உலாவியை முழுவதும் மூடும்போது மறைய வேண்டும் என்பது விதி. ஆனால் 'விட்ட இடத்திலிருந்து தொடர்க' என்னும் அமைப்பை உங்கள் உலாவியில் இயக்கி வைத்திருந்தால், அந்தக் குக்கீயும் பிழைத்திருந்து மறுபடி திறக்கும்போது வந்துவிடும். மூன்று கணினிகளிலும் இதை முதலில் பாருங்கள். காலக்கெடு குறித்த குக்கீ அந்த நாள்வரை தங்கும். குரோம் 2022ஆம் ஆண்டிலிருந்து எந்தக் குக்கீயையும் ஒரே தடவையில் 400 நாள்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் நீங்கள் அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் தளம் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், நடைமுறையில் அது ஒரு பெரிய எல்லை அன்று. வங்கித் தளங்கள் சில நிமிடங்கள் அசையாமல் இருந்தாலே வெளியேற்றிவிடுகின்றனவே, மின்னஞ்சல் தளங்கள் மட்டும் ஏன் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கின்றன என்று நீங்கள் வியந்திருக்கலாம். இரண்டும் பயன்படுத்துவது ஒரே கருவியைத்தான். டோக்கனுக்கு எவ்வளவு ஆயுள் கொடுப்பது என்பதை அந்தந்தத் தளத்தை நடத்துகிறவர் முடிவு செய்கிறார்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்தவர்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. இணையதளங்களின் உள்நுழைவுப் பகுதிகளை எழுதுவதே பல ஆண்டுகளாக என் வேலை. தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்துக்காக எழுதிய தளத்தில், 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தை முன்கூட்டியே குறியிட்டு, குக்கீக்கு முப்பது நாள் ஆயுள் கொடுத்திருந்தேன். பயனருக்கு வசதியாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். நூலகக் கணினியில் தம் கணக்கைத் திறந்துவிட்டுப் போன ஒரு பெண்மணி, வேறு யாரோ தம் முகவரியை மாற்றிவிட்டதாக எழுதிய புகார் வந்த அன்றுதான், என் மேசையில் உள்ள கணினியைத் தவிர வேறெதையும் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தை அன்றே குறியின்றி மாற்றினேன். இன்றும் பல தளங்களில் அது குறியிட்டே வருகிறது. உங்கள் கடையில் அமர்பவர்களிடம் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வைரஸ் என்ற ஐயத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். வைரஸ் என்பது இயங்கும் நிரல். குக்கீ இயங்காது, அது ஏறத்தாழ 4096 பைட்டுக்குள் அடங்கும் எழுத்து மட்டுமே. அது உங்கள் கோப்புகளைப் படிக்காது, தானாகப் பரவாது. ஒரு தளம் கொடுத்த குக்கீயை வேறொரு தளத்துக்கு உலாவி காட்டாது. மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டுமே அனுப்பு, பக்கத்தில் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்ட் எதற்கும் காட்டாதே என்றெல்லாம் குக்கீயோடு கட்டளைகள் சேர்த்து அனுப்பவும் வழி உண்டு.

அப்படியானால் அந்தத் தம்பதியின் தேடல் இன்னொருவர் படித்த செய்திப் பக்கம்வரை எப்படி வந்தது? ஒரு தளத்தின் குக்கீ இன்னொன்றுக்குத் தெரியாது என்று இப்போதுதானே சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனால் நீங்கள் ஒரு பக்கமாகப் பார்ப்பது பல இடங்களிலிருந்து வந்த துண்டுகளின் ஒட்டு. மருத்துவமனையின் பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாத துண்டு ஒன்று பதிந்திருக்கிறது. செய்தித்தளத்தின் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் துண்டு இருக்கிறது. உலாவி மருத்துவமனைப் பக்கத்தைத் திறக்கும்போது அந்தத் துண்டை விளம்பர நிறுவனத்திடம் கேட்கிறது. அந்த நிறுவனம் தன் சொந்தக் குக்கீயைக் கொடுத்து, 'இந்த எண்ணுடைய உலாவி குழந்தைப்பேறு சிகிச்சைப் பக்கத்தைப் பார்த்தது' என்று தன்னிடம் எழுதிக்கொள்கிறது. பிறகு அதே உலாவி செய்தித்தளத்துக்குப் போகும்போது, அங்கிருக்கும் துண்டுக்காக அதே நிறுவனத்திடம் அதே எண்ணை நீட்டுகிறது. விதி எங்கும் மீறப்படவில்லை. தன் குக்கீயைத் தானேதான் அந்த நிறுவனம் படித்தது. ஆனால் அது நூறு வாசல்களில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது என்பதே. ஒவ்வோர் உலாவிக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஒருவரைப் பின்தொடர முடியும் என்ற காரணத்துக்காகவே, மொன்டுல்லி அந்த எளிய வழியைத் தவிர்த்து, தளத்துக்குத் தளம் தனிக் குக்கீ என்று வடிவமைத்தார். 1997 பிப்ரவரியில் வெளியான குக்கீகளுக்கான முதல் தரவரையறை ஆவணம், பயனர் தாமே போகாத மூன்றாம் இடங்களோடு குக்கீ பரிமாறுவதை உலாவிகள் தாமாகச் செய்யக் கூடாது என்று சொன்னது. அன்றைய பெரிய உலாவிகள் அதைக் கடைப்பிடிக்கவில்லை. ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020 மார்ச்சில்தான் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல், ஒவ்வொரு தளத்துக்குள்ளும் பிறக்கும் குக்கீகளைத் தனித்தனி ஜாடியில் அடைத்து, ஒன்று இன்னொன்றுக்குள் கலக்காதபடி செய்வதை எல்லோருக்கும் இயல்பாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் குரோமிலும் இவற்றை ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. எனவே உங்கள் கடையில் குரோம் இருந்தால், அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தெரிவை நீங்களே இயக்க வேண்டும். இதைச் செய்தால் சில தளங்களில் ஏதேனும் ஒரு பகுதி திறக்காமல் போகலாம். அப்போது அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

இதனால் விளம்பரம் முற்றிலும் மாறிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். யாராவது தம் கணக்கிலிருந்து வெளியேறாமல் போயிருந்தால், அந்தக் கணக்கின் வழியாகவும் விளம்பரம் தேர்ந்தெடுக்கப்படும். உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியும் ஒரு துப்புத்தான். ஆனாலும் அந்தத் தம்பதிக்கு நேர்ந்தது போன்றதை இது பெருமளவு குறைக்கும். பணம் கொடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தவரின் வீட்டுத் துயரம் அடுத்து உட்காருபவரின் கண்ணில் படக் கூடாது என்று நீங்கள் கூசியது மிகச் சரியான கூச்சம். அந்த அக்கறை தளங்களை எழுதுகிற எங்களுக்கு இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

அனுமதிப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பெட்டிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. தளத்தை நடத்துவதற்கு இன்றியமையாதவை தவிர மற்றக் குக்கீகளைப் பயனரின் ஒப்புதலின்றி வைக்கக் கூடாது என்று 2009இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை கூறுகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதை இறுக்கியது. முன்கூட்டியே குறியிட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காக கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததாக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் அறிவித்தது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குக்கீ என்ற சொல்லைக் கையாளாவிட்டாலும், ஒப்புதல் என்பது சம்பந்தப்பட்டவர் தாமே விரும்பி, விவரம் அறிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் வாடிக்கையாளருக்காக நீங்கள் ஒப்புதல் கொடுப்பது முறையன்று. அவரே பக்கத்தில் இருக்கிறார், அவரிடமே கேளுங்கள். கேட்க முடியாத நேரத்தில் மறுக்கும் பொத்தானையோ, அவசியமானவை மட்டும் என்பதையோ அழுத்துங்கள். மறுத்தால் விண்ணப்பம் போகாதோ என்று அஞ்ச வேண்டாம். உள்நுழைவுக்கு வேண்டிய குக்கீ அவசியமானவற்றில் அடங்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருவர் 'ஏற்கிறேன்' என்றதை அந்தத் தளம் எங்கே குறித்து வைக்கிறது தெரியுமா? பெரும்பாலும் அதே உலாவியில், இன்னொரு குக்கீயில். எனவே காலையில் வந்தவர் கொடுத்த ஒப்புதல், அதன் பிறகு அந்த இருக்கையில் அமரும் அத்தனை பேருக்கும் ஒப்புதலாகிவிடுகிறது. அவர்கள் யாருக்கும் அந்தப் பெட்டியே தோன்றுவதில்லை. நீங்கள் குக்கீகளை அழித்தால் பெட்டி மறுபடி வந்து நிற்பதும் இதனால்தான்.

இரவு அழித்தால் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும். காலைக்கும் இரவுக்கும் இடையில் முப்பது பேர் வந்து போய்விடுகிறார்கள். ஒவ்வொருவர் எழுந்ததும் அழியவேண்டும். அதற்கு மிக எளிய வழி, குரோமில் வலப்பக்க மேல் மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைச் சொடுக்கி, விருந்தினர் முறையில் ஒரு ஜன்னலைத் திறந்து வாடிக்கையாளரை அமர்த்துவது. அது புதிய வெற்று உலாவி போலத் தொடங்கும்; உங்கள் சொந்தக் கணக்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் அவர் கண்ணில் படாது; அவர் போனதும் அந்த முறையில் திறந்த எல்லா ஜன்னல்களையும் மூடினால் குக்கீகளும் வரலாறும் மறைந்துவிடும். 'எல்லா ஜன்னல்களையும்' என்று சொன்னதைக் கவனியுங்கள். சிலர் இதற்கு இன்காக்னிட்டோ எனப்படும் மறைநிலை ஜன்னலைப் பயன்படுத்துவார்கள். அதிலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மறைநிலை ஜன்னல்கள் அனைத்தும் ஒரே குக்கீத் தொகுப்பைத்தான் பகிர்கின்றன. முதலில் வந்தவருடைய ஜன்னல் கீழே சுருங்கிக் கிடக்கையில், அடுத்தவருக்குப் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுத்தால், பழைய கதையே மறுபடி நடக்கும்.

இவை எல்லாம் குக்கீயோடும் வரலாற்றோடும் நின்றுவிடுகின்றன. பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் எந்த முறையிலும் தாமாக அழியா. அவற்றை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். குக்கீ வைரஸ் அன்று. ஆனால் வைரஸ்கள் குக்கீயைத் திருடுகின்றன. உலாவி சேமித்து வைத்திருக்கும் உள்நுழைவுக் குக்கீகளை நகலெடுத்து வெளியே அனுப்பும் தீநிரல்களைக் கொண்டு யூடியூப் அலைவரிசைகளை நடத்துவோரின் கணக்குகளைக் கைப்பற்றிய கும்பல்களைப் பற்றி 2021 அக்டோபரில் கூகுளே விரிவாக எழுதியது. டோக்கன் கையில் இருக்கும்போது கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்கப்படுவதில்லை என்பதுதான் அவர்களுக்கு வசதி. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவும், உரிமமின்றி நிறுவிய மென்பொருளும் உங்கள் கடையில் இதற்கு நுழைவாயில்கள். பென்டிரைவைச் சோதிக்காமல் திறக்காதீர்கள். உடைத்த மென்பொருளை அந்த மூன்று கணினிகளிலும் வைக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் மேல் ஐயப்படும் வாடிக்கையாளர். அவரைக் கடைக்கு அழைத்து, தம் கைப்பேசியிலேயே மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தெந்தக் கருவிகளில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பெரிய மின்னஞ்சல் சேவைகள் காட்டுகின்றன. உங்கள் கடைக் கணினி அதில் இருந்தால், அவர் தாமே வந்து உள்நுழைந்த அந்த நாளின் பதிவாகவே அது இருக்கும். கடவுச்சொல்லைக் கொண்டு யாரேனும் பிறகு நுழைந்திருந்தால் அது தனிப் பதிவாகத் தெரியும். இல்லையென்றால் உங்கள் பேச்சுக்கு அதுவே சான்று. அந்தக் கணினிக்கு எதிரே உள்ள வெளியேற்றும் பொத்தானை அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கணினியில் அந்த மின்னஞ்சல் தளத்தைத் திறந்து காட்டுங்கள். இந்த முறை அது கடவுச்சொல்லைக் கேட்கும்.